மயக்க டாக்டரின் ஞாயிற்றுக்கிழமைகள்

ஒரு மதிய வேளை. ஸ்கேன் அறையில் கடைசி ஆளையும் அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டாமல் உள்ளே வந்த மயக்க டாக்டர் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவை என் மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே கடல்பாசி. விருந்துகளில் துண்டு போட்டு வைப்பார்களே, அதே வழுவழுப்பான பாளம்தான். ஆனால் தெளிவாக இல்லாமல், ரவையைத் தூவி உறைய வைத்ததுபோல் கலங்கலாக இருந்தது. எனக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து மேசை இழுப்பறையில் ஸ்பூனைத் தேடினேன். "திங்கறதுக்கில்லீங்க டாக்டர். உள்ள ரப்பர் டியூப் கெடக்குது. உங்க மெஷின்ல தெரியுதான்னு பாருங்க" என்றார். என் பதிலுக்குக் காத்திராமல் அவரே விளக்கை அணைத்தார்.

கழுத்துப் பகுதியைப் பார்க்க வைத்திருந்த தட்டையான புரோபை எடுத்து, ஜெல்லைப் பிழிந்து, அந்தக் கடல்பாசிமேல் வைத்தேன். ரவைதான் திரையில் சாம்பல் பொடியாகத் தெரிந்தது. உடம்புச் சதை தெரிவது போலவே. அதன் நடுவே மூன்று கறுப்பு வட்டங்கள். பெரியது, நடுத்தரம், சின்னது. "சின்னது எத்தனைங்க?" என்று கேட்டார். அளந்து பார்த்து, இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே என்றேன். "பாப்பாவோட கையில அவ்வளவாச்சும் இருக்குமா?" என்று அடுத்த கேள்வி. எந்தப் பாப்பா என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் அவர் வெறுமே பாப்பா என்று சொன்னால் அது ஒரே ஒரு குழந்தைதான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கோவையில் அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில் நான் ஸ்கேன் பார்க்கும் டாக்டர். அவர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். மற்றவர்களெல்லாம் மில்லிலும் பம்ப்செட் தொழிலிலும் இருக்க, இவர் ஒருவர்தான் டாக்டருக்குப் படித்தவர். எங்களோடு கோயமுத்தூர்த் தமிழ்தான் பேசுவார். பதற்றம் வந்தால் மட்டும் தெலுங்கு தன்னால் வெளியே வரும். அப்படி வருவது முன்பெல்லாம் அபூர்வம் என்று ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் சொல்லியிருக்கிறார். கேலியும் சிரிப்புமாக இருந்த மனுஷி இந்த மயக்க டாக்டர். கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வராந்தாவில் மேலும் கீழும் நடக்கிற ஆளாக அவர் மாறியது பாப்பாவுக்குப் பிறகுதான்.

பாப்பாவை முதலில் பார்த்தது நான். அப்போது அதற்குப் பத்து மாதம். கணபதி பகுதியில் சொந்தமாக லேத் பட்டறை போட்டிருந்த ஒருவரின் மகள். விட்டுவிட்டு வீறிட்டு அழுகிறாள், இரண்டு நாளாக வாந்தி, மலத்தில் ரத்தம் என்று கொண்டுவந்தார்கள். வயிற்றில் புரோபை வைத்ததுமே, வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிவதுபோல் வளையத்துக்குள் வளையம் தெரிந்தது. குடல் குடலுக்குள்ளேயே செருகிக்கொண்டிருந்தது. உடனே ஆபரேஷன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். என் வேலை அவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மேலே தியேட்டரில் நடந்ததை மயக்க டாக்டர் பிற்பாடு பல தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில், ஒரு சொல் மாறாமல் சொல்வார். கொழுகொழுவென்ற கை கால். ஆனால் ரத்தக்குழாய்கள் எல்லாம் வற்றிச் சுருங்கிக் கிடந்தன. இரண்டு கையிலும் காலிலும் தலையிலும் குத்திப் பார்த்து, கடைசியில் வலது புறங்கையில் ஒன்று கிடைத்தது. அதில் ஊசிக்குழாயைப் பொருத்தி, பிளாஸ்திரி போட்டு, ஆபரேஷனுக்கான பச்சைத் துணியால் மூடினார்கள். பாதியில் பாப்பாவின் நாடி தளர்ந்தபோது, இதயத்துக்காகக் கால்சியம் மருந்தைச் செலுத்தினார். துணிக்கு அடியில் அந்த ஊசிக்குழாய் நழுவியிருந்தது. மருந்தில் பாதிக்குமேல் ரத்தத்துக்குப் போகவில்லை. தோலுக்கு அடியில் தேங்கியது. நாடி எழும்பவில்லை என்றதும்தான் துணியைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் இரண்டு கணுக்காலிலும் கீறி ரத்தக்குழாயைத் தேடிப் பிடித்துக் குழந்தையைக் காப்பாற்றினார்கள். குடலும் சரியானது. ஆனால் வெளுத்து வீங்கியிருந்த புறங்கை மூன்றாம் நாள் கறுத்துப்போனது. தோல் உதிர்ந்து, ஆறி, தழும்பு இறுகி விரல்களைப் பின்பக்கமாக இழுத்துவிட்டது. பாப்பாவால் வலது கையை மூட முடியாது. ஒரு கிலுகிலுப்பையைக்கூடப் பிடிக்க முடியாது.

நோயின் கடுமையால் வந்தது என்று சொல்லிவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் மூத்தவர்கள் யோசனை சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டார்; அதே சூட்டோடு வார்டுக்குப் போய்ப் பாப்பாவின் அப்பாவிடம், "தப்பு என்னுதுங்க. கையைத் தூக்கி அப்பப்பப் பார்த்திருக்கணும், பார்க்காம விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டார்.  அந்த மனிதர், "உசுரக் காப்பாத்திக் குடுத்துப்போட்டீங்க, அது போதுமுங்க. நீங்க நிக்காதீங்க, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாராம். "ரெண்டு அறை விட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் டாக்டர். நாற்காலி எடுத்துப் போட்டாரு" என்பார் என்னிடம். அந்தக் கதையை அவர் முடிக்கும் இடம் எப்போதும் அதுதான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கணபதிக்குப் போக ஆரம்பித்தார். ஒரு தடவை என்னையும் அழைத்துப் போனார். முன்பக்கம் தகரக் கொட்டகையில் லேத். இரும்புச் சுருள் மணக்கும் வாசலைத் தாண்டினால் வீடு. "ஏனுங்க, வெயில்ல வந்திருக்கீங்களே, ஒரு ஃபோன் பண்ணியிருந்தா நாங்களே வந்திருப்பமுங்களே" என்று அப்பா ஓடிவந்தார். பாப்பாவின் அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார்.  சமையலறை நிலையில் சாய்ந்து நின்றார். டாக்டர் பாப்பாவை மடியில் வைத்து, வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பைக்குள்ளிருந்து ஒரு சின்ன ஸ்கேலை எடுத்துத் தழும்பை அளந்து ஒரு நோட்டில் எழுதினார். பாப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. ஏன் என்று அப்போது புரியவில்லை. வெளியே வந்து, லேத்தில் மாட்டியிருந்த ஏதோ ஒரு ஷாஃப்டைத் தடவிக்கொண்டு நின்றேன்.

பாப்பாவுக்கு மூன்று வயதாகப் போகும் சமயம், தழும்பை விடுவித்துத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டலாம் என்று பிளாஸ்டிக் சர்ஜன் சொன்னார். மயக்க மருந்துக்கு வேறு நல்ல டாக்டரை ஏற்பாடு செய்கிறேன் என்று மயக்க டாக்டர் சொன்னதற்கு அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் லேத்துல நின்னு பன்னண்டு வருசமாச்சுங்க. ஒருக்கா ஜாப்பக் கெடுத்தவன் அடுத்த ஜாப்ப எப்படிப் புடிப்பான்னு எனக்குத் தெரியும். நீங்களே பண்ணுங்க" என்றாராம். பாப்பாவின் அம்மா அப்போதும் பக்கத்திலேயே இருந்தார். அவர் சம்மதம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வலது கையில் ஆபரேஷன். கணுக்கால் ரத்தக்குழாய்கள் இரண்டும் அன்றைக்கே கீறிப் பயன்படுத்தித் தீர்ந்துபோனவை. மிச்சம் இருந்தது இடது கை; அதில் கண்ணுக்கும் விரலுக்கும் எதுவும் அகப்படவில்லை. முழங்கைக்கு மேலே உட்புறம், ஆழத்தில் ஒரு ரத்தக்குழாய் ஓடும். கண்ணால் பார்க்க முடியாது; ஆனால் ஸ்கேனில் தெரியுமே என்று மயக்க டாக்டருக்குத் தோன்றியிருக்கிறது. வெளிநாட்டில் சிலர் இப்படிச் செய்கிறார்கள் என்று எங்கோ ஒரு பத்திரிகையில் படித்திருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கமில்லாத வேலை. அதற்காகத்தான் அந்தக் கடல்பாசி.

பத்துப் பதினைந்து நாள், மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே வேலை. நான் புரோபைப் பிடிப்பேன், அவர் ஊசியைப் பிடிப்பார். குறுக்காகப் பார்க்கும்போது ஊசி திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியாக மட்டுமே தெரியும். அது நுனியா நடுவா என்று கண்டுபிடிப்பதற்குள் ஊசி குழாயைத் துளைத்து அந்தப் பக்கம் போய்விடும். "போச்சு" என்பார். "மறுபடி" என்பார். தினமும் புதுப் பாளம் காய்ச்சிக் கொண்டுவருவார். கடைசியில் கடல்பாசி போதாது என்று என் கையையே நீட்டச் சொன்னார். முழங்கைக்கு மேலே ஊதா ஊதாவாகக் கன்றிப்போன கையைப் பார்த்து என் மனைவி, "ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போறீங்களா, அடி வாங்கப் போறீங்களா?" என்று கேட்டாள். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் வீட்டில் சோற்றைப் பிசையும்போது, அன்று அந்தக் குழந்தையை மாடிக்கு அனுப்பிவிட்டு இதே தட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டது நினைவுக்கு வரும். மறுநாள் கையை மறுபடி நீட்டுவேன்.

அன்று காலை ஸ்கேன் மெஷினையும் அதன் ஸ்டெபிலைசரையும் சாய்தளம் வழியாக மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அந்தக் காலத்து மெஷின், பீரோ மாதிரி கனம். தியேட்டர் வாசலில் பாப்பாவை அவள் அம்மா டாக்டரின் கையில் கொடுத்தார். கொடுத்த பிறகும் சேலைத் தலைப்பு பாப்பாவின் கையில் சிக்கிக்கொண்டிருந்தது. அதை விடுவித்துக்கொண்டு, டாக்டரின் முகத்தை நேராகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். "பலூன் ஊதலாமா கண்ணு?" என்று மயக்க வாயுவின் முகமூடியைக் காட்டி டாக்டர் பேச்சுக் கொடுத்தார். நாலைந்து மூச்சில் பாப்பா தூங்கியது.

சிஸ்டர் புரோபுக்குக் கையுறை மாட்டிவிட்டார். இடது கையை அகட்டி வைத்து நான் புரோபை வைத்தேன். துடிக்கிற ரத்தக்குழாய் ஒன்று தெரிந்தது. அது தமனி, அதைத் தொடக்கூடாது. அதன் பக்கத்தில் இருக்க வேண்டியதைக் காணவில்லை. மேலே நகர்த்தினேன், கீழே நகர்த்தினேன். "எங்க?" என்றார் மயக்க டாக்டர். "இருக்கணுங்க. காணோம்" என்றேன்.  சர்ஜன் கை கழுவிவிட்டு வந்து, கைகளை உயர்த்தியபடி காத்து நின்றார். இப்படி ஒரு ரத்தக்குழாயே இல்லாத குழந்தையும் உண்டோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, மயக்க டாக்டர் திரையை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார். "டாக்டர், நீங்க அமுக்கறீங்க. கையை எடுங்க!" என்று கத்தினார். வயிற்றைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை. தெளிவாகத் தெரியவில்லை என்றால் இன்னும் அழுத்துவதுதான் எங்கள் வழக்கம். என் கையின் கனத்திலேயே அந்தக் குழாய் நசுங்கி மூடிக்கொண்டிருந்தது. தோலில் படாமல் ஜெல்லில் மட்டும் மிதக்கிற மாதிரி புரோபைத் தூக்கினேன். தமனிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வட்டம் மெல்லத் திறந்தது.

முதல் குத்தில் ஊசி குழாயின் சுவரை அமுக்கி உள்ளே போகாமல் வழுக்கியது. வெளியே எடுத்தார். இரண்டாவது தடவை அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. "ரா தல்லி, ரா, ரா" என்று தெலுங்கில் கெஞ்சினார், வாம்மா வா என்று. ரத்தக்குழாயைக் கூப்பிட்டாரா, பாப்பாவைக் கூப்பிட்டாரா தெரியாது. கறுப்பு வட்டத்துக்கு நடுவில் வெள்ளைப் புள்ளி வந்து நின்றது. ஊசியின் பின்புறம் ரத்தம் ஏறியது. குழாயைப் பொருத்தியதும் உப்புநீரைச் செலுத்தி, மேலே அக்குள் பக்கம் பார்க்கச் சொன்னார். குழாய்க்குள் மின்மினி போலப் பொறிகள் ஓடின. "வெளிய எங்கியாச்சும் தேங்குதா?" "இல்லீங்க, உள்ளதான் போகுது." "மறுபடி பாருங்க." நான்கு தடவை பார்த்தோம். அந்தக் கையைத் துணியால் மூட விடவில்லை. சர்ஜன் முணுமுணுத்தார், இவர் காதில் வாங்கவில்லை. மூன்று மணி நேரமும் ஊசி இருந்த இடத்துக்கு மேலே இரண்டு விரலை வைத்துக்கொண்டே இருந்தார்.

இன்றைக்குத் தியேட்டர்களில் புத்தகப் பை அளவு ஸ்கேன் மெஷின் ஒரு மூலையில் நிற்கிறது. ஒரே ஆள் ஒரு கையில் புரோபும் மறு கையில் ஊசியுமாக, பேசிக்கொண்டே முடித்துவிடுகிறார். குழந்தைகளுக்கென்று விரல் அகல புரோப் வந்துவிட்டது. சரவணம்பட்டியில் ஒரு புது ஆஸ்பத்திரியில் அதை நான் பார்த்தபோது சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. என் ஸ்கேன் அறைக்கும் தியேட்டருக்கும் நடுவில் இருந்தது ஒரு சாய்தளம்தான். பாப்பாவின் முதல் ஆபரேஷன் அன்றைக்கும் அதே மெஷின் அதே இடத்தில்தான் இருந்தது. அதை மேலே தள்ளிக்கொண்டு போகலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கட்டுப் பிரித்து, மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, விரல்கள் மடங்க ஆரம்பித்தன. முழுசாக இல்லை, ஆனால் பிடிக்கலாம். அதோடு அவர் ஓய்வார் என்று நினைத்தேன். ஓயவில்லை. ஞாயிறு வந்தால் ஸ்கேலும் நோட்டுமாகக் கிளம்பிவிடுவார். ஒரு ஞாயிறு என்னையும் கூட்டிப் போனார். வழக்கம்போல் பாப்பாவை மடியில் வைத்துக் கையைப் பிரித்தபோது, நிலையில் சாய்ந்திருந்த அம்மா முன்னால் வந்தார்.

"டாக்டரம்மா, ஒண்ணு சொல்லோணுங்க. நீங்க வந்து இந்தக் கையப் புரட்டிப் புரட்டிப் பாத்துப்போட்டுப் போறீங்க. நீங்க போனதுக்கப்புறம் அன்னைக்குப் பூராவும் இவ கையப் பாவாடைக்குள்ள ஒளிச்சுக்கறாளுங்க. யாரு வந்தாலும் ஒளிச்சுக்கறா."

"அட, என்ன பேசற நீ" என்று அப்பா பதறினார்.

"பேச உடுங்க. உங்களுக்கு மருவாதி. எனக்குப் புள்ள." டாக்டரின் பக்கம் திரும்பினார். "உங்க மேல எனக்கு நெம்பக் கோவமுங்க. ரெண்டு வருசத்துக்கு மேலாக் காப்பி குடுத்தேன், ஒருக்காக்கூட மனசாரக் குடுக்கல. நீங்க நல்லவங்கதான், தெரியும். ஆனா இனி கையப் பாக்க வராதீங்க." குரல் இறங்கி, "பாப்பாவப் பாக்கோணும்னா வாங்க" என்றார்.

டாக்டர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். "சரிங்க" என்றார். திரும்பி வரும்போது டெக்ஸ்டூல் பாலம் தாண்டிக் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அழுது முடித்த பிறகு சொன்னார்: "யாராவது ஒருத்தர் திட்டணும்னு எத்தனை நாளாக் காத்துட்டிருந்தேன், தெரியுங்களா? ஆனா அது இல்ல டாக்டர். அவ கையை ஒளிக்கறா. வாராவாரம் போறேன், அதை நான் பார்க்கவே இல்ல."  முதல் தடவை அந்த வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளாமல் போனதற்கு அதுதான் காரணம். பாப்பா கூரையைப் பார்த்ததை நான் கவனித்திருந்தேன். கவனித்தும் சொல்லாமல் வெளியே போய் நின்றிருக்கிறேன்.

அதற்குப் பிறகு பல மாதம் அவர் கணபதிப் பக்கமே போகவில்லை. ஞாயிறு மதியங்களில் காரணமில்லாமல் எனக்கு ஃபோன் செய்வார். பாப்பாவுக்குக் காதுகுத்து என்று பத்திரிகை வந்தது. அம்மாவே ஆஸ்பத்திரிக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார். காரமடைக் கோயிலில் வைத்து நடந்தது. நாங்கள் இருவரும் போனோம். தாய்மாமன் மடியில் பட்டுப்பாவாடையோடு பாப்பா உட்கார்ந்திருந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் எல்லாரும் நெருங்கிக் குனிந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் டாக்டரைக் காணோம். மண்டபத்துக்கு வெளியே மதிலைப் பார்த்துக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார்.

பாப்பாவின் அழுகை அடங்கியதும் அம்மா தேடிக்கொண்டு வெளியே வந்தார். "ஏனுங்க, எத்தன ஊசி குத்தியிருப்பீங்க, இதுக்குப் பயந்துபோட்டு இங்க வந்து நிக்கறீங்க?" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "எனக்கு முழிச்சிட்டிருக்கற கொழந்தையக் குத்தறதுதாங்க பயம்" என்றார் டாக்டர். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பந்தியில் பாப்பாவுக்கு அடுத்த இலையில் உட்கார வைத்தார்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். பந்தியில் பாப்பா வலது கையாலேயே ஒப்பிட்டுப் போளியைப் பிய்த்துச் சாப்பிட்டதை நான் எதிர் வரிசையிலிருந்து பார்த்திருந்தேன். "கையைப் பார்த்தீங்களா மேடம்?" என்று கேட்டேன். அவர் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "கையா? இல்லீங்களே. காதுல ரத்தம் கசியுதான்னே பார்த்துட்டிருந்தேன்" என்றார். மேட்டுப்பாளையம் ரயில் தடதடத்துக் கடந்து போனது. கேட் ஏறும்வரை சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்க்காமல் கேட்டார்: "நாளைக்கு அவங்க ஊட்டுக்கு ஃபோன் பண்ணி, காது பழுத்திருக்குதான்னு கேட்டா, தப்பா நெனைச்சுக்குவாங்களா?"

"கேளுங்க" என்றேன். வண்டியைக் கிளப்பினார்.